இரண்டு பேருக்கான வண்டி

"டாக்டர் வண்டில கொஞ்ச தூரம் உக்காந்து வரட்டுங்களா?" என்று மேட்டுப்பாளையம் ஓட்டல் வாசலில் திலகவதி கேட்டபோது, கை துடைத்த காகிதத்தைக் கசக்கிக்கொண்டே நஞ்சுண்டன், "அதுக்கென்ன, தாராளமாப் போ" என்றான். சொன்ன பிறகுதான் அந்தத் 'தாராளமா' தேவையில்லாத சொல் என்று பட்டது. போ என்றால் போதாதா, தாராளத்தை யார் கேட்டார்கள். ஆனால் பக்கத்தில் டாக்டர் எட்வின் நின்றுகொண்டிருந்தார், வெற்றிலைக்கறை சிகரெட் கறை எதுவும் படியாத அந்தப் பல்வரிசை தெரியச் சிரித்துக்கொண்டு. அவர் எதிரில் வேறு எப்படிச் சொல்வது. கோவையில் இரண்டு கதவுக் கார் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு சேர்ந்து எங்காவது போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் அது. மற்றவர்கள் அப்போதே கோத்தகிரி நோக்கிச் சீறிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவை இரண்டு வண்டிகள்தான். எட்வினுடைய அறுபதுகளில் செய்த வெளிர்பச்சைக் கார்மன் கியா, நஞ்சுண்டனுடைய புது ஜெர்மன் கூப்பே. திலகவதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வெளிர்பச்சைக் காரின் கதவைத் திறந்து, குனிந்து, உடம்பை ஒரு சாய்ப்பாய்ச் சாய்த்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் காரில் ஏறும்போது ஒவ்வொரு தடவையும் "அம்மாடி, கெணத்துக்குள்ள எறங்கற மாதிரி இருக்குது" என்பாள். இதுவும் தாழ்வான வண்டிதானே. இதில் மட்டும் எப்படி நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார முடிகிறது.

பாக்குத் தோப்புகள் முடிந்து மலை தொடங்கும் இடம்வரை ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னலை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் வந்தான். ஏற்றம் தொடங்கியதும் கியா மூச்சுவாங்கியது. பின்னால் எஞ்சின் வைத்த வண்டி, தையல் மிஷினும் மோட்டார் பம்பும் சேர்ந்து ஓடுவதுபோல ஒரு சத்தம். பம்ப் செய்து விற்கிறவனுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாதா என்று காது கொடுத்துக் கேட்டான். முடியவில்லை, சீராக இருந்தது. அவன் காலுக்கடியில் இருந்ததோ அதைப்போல ஆறு மடங்கு வலுவுள்ள எஞ்சின். தொட்டால் போதும், அந்தப் பச்சை முதுகைத் தாண்டி மறுவளைவுக்குப் போய்விடலாம். போகலாம்தான். போனால் என்ன ஆகும். போனால் அவர்கள் பின்னால் வருவார்கள், மெதுவாக, பேசிக்கொண்டு, அவன் பார்வையில் இல்லாமல். அதனால் மிதிக்க வந்த காலை மிதிக்காமல் வைத்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஊர்ந்தான். முன்னால் அகலமான பின்கண்ணாடி. அதற்குள் இரண்டு தலைகள். வலது பக்கம் எட்வினின் நரைத்த, கத்தரித்த தலை. இடது பக்கம் திலகவதியின் கொண்டை. அந்தக் காரைப் பற்றிக் கூட்டத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான். தூண்கள் எத்தனை மெலிசு பாருங்கள், கண்ணாடிதான் கூரையைத் தாங்குகிறது போலிருக்கிறது, இப்போது செய்கிற வண்டியெல்லாம் பதுங்குகுழி, உள்ளே இருக்கிறவன் யாரென்றே தெரியாது. நஞ்சுண்டன் அப்போதெல்லாம் விடாமல் வாதாடுவான். தூண் தடியாக இருந்தால்தான் வண்டி உருண்டால் தலை மிஞ்சும், அழகுக்காக உயிரை விடுவீர்களா என்பான். இன்றைக்கு அந்த மெலிந்த தூண்களுக்கு நடுவே எல்லாம் தெரிந்தது. கொண்டை டாக்டர் பக்கம் திரும்புவது, நரைத்த தலை ஆடுவது, கொண்டை குலுங்குவது. குலுங்கினால் சிரிக்கிறாள் என்று அர்த்தம். எதற்குச் சிரிக்கிறாள்.

இந்த மனிதர் அவள் கடைவாய்ப் பல்வரைக்கும் பார்த்தவர். போன வருடம் வேர் சிகிச்சைக்கு நாலைந்து தடவை போய்வந்தாள். வெளியே நாற்காலியில் மாத இதழ் புரட்டிக்கொண்டு நஞ்சுண்டன் உட்கார்ந்திருப்பான், உள்ளே இவர் விளக்கை இறக்கி "இன்னும் கொஞ்சம் திறங்க, அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று சொல்வது கதவு வழியே கேட்கும். அப்போது ஒன்றும் தோன்றியதில்லை. பல் டாக்டர் பல்லைப் பார்க்காமல் எதைப் பார்ப்பார். இப்போது, இந்த வளைவில், அந்த 'அவ்வளவுதான்' காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவியை இழந்து ஐந்தாறு வருடமான மனிதர். தப்பாக ஒரு பார்வை பார்த்தவர் இல்லை, அது நஞ்சுண்டனுக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல மனசு அதையே சுரண்டியது. அப்படி ஏதாவது இருந்தால்கூட நல்லதாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தான். இருந்தால் கோபப்படலாம், கூட்டத்தை விட்டு விலகலாம், நாலு பேரிடம் சொல்லலாம். ஒன்றும் இல்லாத இடத்தில் என்ன செய்வது. கோபத்தை எங்கே நிறுத்துவது, இந்தச் சாலையில் வண்டி ஒதுக்கவே இடமில்லை. திலகவதியின் கை ஜன்னலுக்கு வெளியே வந்தது. முழங்கைவரை. காற்றில் விரல்களைப் பிரித்து வைத்திருந்தாள். அவன் காரில் ஒரு நாளாவது அவள் கண்ணாடியை இறக்கியதுண்டா. ஏசி ஓடுகிறது, தூசி வரும், இருக்கைத் தோல் வீணாகும். யார் சொன்னது, அவன்தான் சொல்லியிருப்பான்.

அந்தக் காரை முதலில் பார்த்தது நஞ்சுண்டன். இதை யாரிடமும் அவன் சொன்னதில்லை, எட்வினுக்கு மட்டும்தான் தெரியும், அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பேசாததுதான் இன்னும் உறுத்தியது. வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இரண்டாம்கை ஜெனரேட்டர் பார்க்கப் போனபோது, கூட வந்தவர் எட்வின், அப்போது புதிதாகப் பழக்கம். ஷெட்டுக்குள் கிழிந்த படுதாவுக்குக் கீழே அது நின்றது. முன்சக்கரம் இல்லை, உள்ளே கோழி அடைகாத்தது, பச்சை நிறம் உரிந்து அடியில் செம்பழுப்புத் துரு. படுதாவின் ஓரத்தைத் தூக்கியவன் அவன்தான். கூரை பின்னால் இறங்கும் அந்தக் கோடு, எங்கே கூரை முடிந்து எங்கே முதுகு தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத அந்த இறக்கம், அதைப் பார்த்ததும் ஓர் அடி நெருங்கினான். தொழிற்சாலையில் வார்ப்பு நன்றாக வந்தால் கை தானாகப் போய்த் தடவுமே, அப்படிக் கை போனது. பிறகு எஸ்டேட் மானேஜர் வந்தார், அவருடன் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், கை பின்வாங்கியது. சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பான். அதை எடுத்துக் கதவில் வைத்தான், வழுக்கி விழுந்தது. அடியில் தகரம் இல்லை, துரு தின்ற ஓட்டையை மறைத்த பூச்சுதான் இருக்கிறது. மட்கார்டில் வைத்தான், அங்கேயும் விழுந்தது. "இது வண்டி இல்லீங்க, மாவு பூசின தகரம். இதுக்குச் செலவு பண்றவன் புத்தி கெட்டவன்" என்று மானேஜர் சிரிக்கும்படியாகச் சொன்னான். எட்வின் சிரிக்கவில்லை. குனிந்து, படுதாவை மறுபடி இழுத்து, அடைகாத்த கோழி கலையாமல் மூடினார். அடுத்த மாதம் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு வருஷக்கணக்கில் வேலை. புதுத் தகரம் வெட்டி, கையால் தட்டி, பழைய தகரத்தோடு ஒட்டி, ஒட்டிய தடம் தெரியாமல் ஈயம் வைத்து இழைத்து. நிறம் தேர்ந்தெடுக்கும்போது நஞ்சுண்டனைக் கேட்டார். கருநீலம் என்றான். அவர் பழைய பச்சையையே அடித்தார். பச்சைதான் சரி. வேலை முடிந்து வெளியே வந்த முதல் நாள் பார்த்தபோதே தெரிந்துவிட்டது பச்சைதான் சரி என்று. அதற்கு மறுவாரம்தான் இந்தப் புது வண்டிக்கு முன்பணம் கட்டினான்.

வாங்கிய நாளிலிருந்து இதன் மதிப்பு இறங்குகிறது, அதன் மதிப்பு ஏறுகிறது. கூட்டத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் நஞ்சுண்டன் குரலை உயர்த்துவான். மதிப்பு என்றால் என்ன, விற்கப் போகிறவனுக்குத்தானே மதிப்பு, ஓட்டுகிறவனுக்கு எஞ்சின்தானே, பிரேக்தானே. கூப்பே என்றால் வெட்டியது என்று அர்த்தம், பிரெஞ்சுக்காரன் வைத்த பேர், பெரிய வண்டியை வெட்டிச் சின்னதாக்கியது, அதில் பழசு புதுசு என்ன, என்பான். ஒருவர் கூப் என்பார், ஒருவர் கூப்பே என்பார், அதற்கு அரைமணி நேரம் போகும். இன்னொருவர் நான்கு கதவு வைத்தும் கூப்பே என்று விற்கிறார்களே, அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பார், அதற்கு ஒரு மணி நேரம். எட்வின் ஓரமாக நின்று டீ குடிப்பார். சண்டைக்கே வராத ஆளை எதில் ஜெயிப்பது. ஒருமுறை மட்டும் சொன்னார், "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க மொதலாளி. காலையில ஷெட்டைத் திறந்தா அது நிக்குது. அதப் பாத்துட்டு கிளினிக் போனா அன்னிக்கு நாள் நல்லாப் போகுது." நஞ்சுண்டன் தன் ஷெட்டைத் திறக்கும்போது எதைப் பார்க்கிறான். ஒவ்வொரு காலையும் அதில் இல்லாத ஒன்றைப் பார்க்கிறான்.

கூப்பே என்ற சொல்லைத் திலகவதி முதலில் கேட்டது ரயிலில். அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. கல்யாணமான புதிதில் மெட்ராஸ் போக முதல் வகுப்பில் டிக்கெட் எடுத்திருந்தார்கள், இருவர் மட்டும் இருக்கும் கூப்பே அமைந்தது. "உங்களுக்கு கூப்பே கெடச்சிருக்குதுங்க" என்று டிக்கெட் பரிசோதகர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவள் மேல் படுக்கையில் ஏறவில்லை, கீழேயே ஜன்னலோரம் காலை மடக்கி உட்கார்ந்து ஈரோடு தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள். அவன் தொழிற்சாலை பற்றிப் பேசியது ஞாபகம் இருக்கிறது, வங்கிக் கடன், புது லேத், அவன் சொன்ன ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்னது? தோப்பு என்று ஏதோ சொன்னாள். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அவள் அப்பாவின் தென்னந்தோப்பு. அப்புறம்? கையை இப்படி வைத்துக்கொண்டு, எதையோ பிடித்துத் திருப்புவதுபோல வைத்துக்கொண்டு, சொன்னாள். ரயில் சத்தம். அவன் தலையாட்டினான், அது நிச்சயம். அதே அசைவு இப்போது முன்னால் இருந்த கண்ணாடியில் தெரிந்தது. நரைத்த தலை ஆடியது. ஆனால் எட்வின் சும்மா தலையாட்டுகிறவர் இல்லை, கேட்டுவிட்டு ஆட்டுகிறவர்.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் காவலர் கியாவைப் பார்த்துச் சிரித்து, கேள்வி கேட்காமல் கையை அசைத்து அனுப்பினார். நஞ்சுண்டனின் வண்டியை நிறுத்தி, மலையில் தடை செய்த பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அந்த இடைவெளியில் காய்கறி லாரி ஒன்று நடுவே புகுந்துகொண்டது. புகையும் கோஸ் இலை வாசமும். லாரிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வலது பக்கம் எட்டிப் பார்த்தான், வளைவு. ஹாரன் அடித்தான், லாரிக்காரர் கையை வெளியே நீட்டிப் பொறு என்றார். இத்தனை நேரம் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவனுக்குப் பார்க்க முடியாதபோது வயிறு குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவில்லை. இப்போது என்ன பேசுகிறார்கள். நிறுத்தியிருப்பார்களோ. அவளுக்கு வளைவுகளில் தலைசுற்றும், மாத்திரை அவன் காரில் இருக்கிறது, அவளுக்கு மாத்திரை வேண்டுமே என்ற நினைப்பு நல்ல நினைப்பாக இருந்ததால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அது கவலைதானே, பொறாமை இல்லையே. ஆனால் மாத்திரை தேவைப்பட்டிருந்தால் கொண்டை எப்போதோ சாய்ந்திருக்கும். சாயவில்லை. நிமிர்ந்து, காற்றில் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அவன் வண்டியில் மட்டும்தான் அவளுக்குத் தலைசுற்றுகிறதா. வருஷக்கணக்காக வளைவுகளின்மேல் போட்ட பழி வேறு யாருடையதோ. ஒரு நேர்ச்சாலை வந்ததும் லாரி ஒதுங்கியது. மிதித்தான். ஒரே பாய்ச்சல். அந்த வலுவெல்லாம் கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது. அடுத்த வளைவுக்கு அப்பால் பச்சை முதுகு தெரிந்தது, ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்குள் இரண்டு தலைகள். நிம்மதியாக மூச்சு விட்டான். கொண்டை வலது பக்கம் இருந்தது.

முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தான். வலது பக்கம் கொண்டை, இடது பக்கம் நரைத்த தலை. எட்வினின் கை மேலே கூரைப் பிடியைப் பற்றியிருந்தது. எல்லோரும் பயணி இருக்கையில் உட்கார்ந்தால் செய்வதுபோல. வண்டி ஒரு தடவை குலுங்கியது, கியர் மாறவில்லை, கரகரவென்று பல்சக்கரம் கடித்தது, மறுபடி பிடித்தது. கொண்டை குலுங்கியது, அதாவது சிரித்தாள். என் வண்டி என்று எந்த உரிமையும் இல்லாமல் மனசு கத்தியது, என் வண்டியை இப்படிக் கடிக்க விடுகிறாரே. பிறகு, என் பெண்டாட்டி என்று கத்தியது. இரண்டும் ஒரே குரலில் வந்ததுதான் அவனைத் திடுக்கிட வைத்தது. பார்க்காதே, சாலையைப் பார் என்று சொல்லிக்கொண்டு கொண்டையையே பார்த்தான். கொண்டை ஊசி வளைவு வந்தது. அவள் வெளிப்பக்கம் அகலமாக விலகினாள், ஹாரன் கொடுத்தாள், அந்தக் காரின் ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இருக்கும், பிறகு வேகம் குறையாமல், கூடாமல், உள்பக்கமாக வளைத்து ஏற்றினாள். நன்றாக. அவனைவிட நன்றாக, ஏனென்றால் அவன் வளைவுகளில் எஞ்சினை நம்பி மிதிப்பான், அவள் வண்டியின் எடையைக் கேட்டுக் கேட்டு ஏற்றினாள். அப்போதுதான் ரயில் சத்தத்துக்கு நடுவிலிருந்து அந்தப் பேச்சு முழுசாக வெளியே வந்தது. "எங்கப்பா ஜீப்பு இருந்துச்சுங்க. தேங்கா லோடு ஏத்திக்கிட்டு நாந்தான் ஓட்டுவேன், தோப்புலருந்து ரோடு வரைக்கும். மண்ணு பாதை, மழைல வழுக்கும். நல்லா ஓட்டுவேனுங்க." கையை இப்படி வைத்துக்கொண்டு சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு லேத் மிஷினுக்குத் திரும்பினான். இந்தப் புது வண்டி வீட்டுக்கு வந்த அன்று அவள் வலது பக்கக் கதவோரம் போய் நின்றாள். ஆமாம், நின்றாள். அவன் தோளைத் தொட்டு இந்தப் பக்கம் வா என்று இடது கதவைத் திறந்துவிட்டான், மரியாதையாக, படம் எடுக்கிறவர்கள் பார்க்கும்படியாக.

எதிரே அரசுப் பேருந்து இறங்கி வந்தது. பச்சை வண்டி சட்டென்று இடது ஓரம் ஒதுங்கி நின்றது, ஏற்றத்தில் ஒரு விரல்கூடப் பின்னால் உருளாமல். நஞ்சுண்டன் மிதித்த பிரேக் கொஞ்சம் பிந்தியது. அவனுடைய கார் விசில் போல அலற ஆரம்பித்தது, அருகே பொருள் இருக்கிறது, அருகே பொருள் இருக்கிறது என்று. திரையில் சிவப்புக் கோடுகள் எரிந்தன. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஒரு கை நுழையுமோ என்னவோ. ஈயம் வைத்து இழைத்த அந்த முதுகு அவன் மூக்குக்குக் கீழே இருந்தது. இடித்திருக்கலாம் என்று தோன்றியது, இடித்துவிடுவேனோ என்றும் தோன்றியது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. அப்போது கியாவின் உள்கண்ணாடியில், தீப்பெட்டி அளவு வெளிச்சத்தில், திலகவதியின் கண்கள் தெரிந்தன. பேருந்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோத்தகிரிக்குச் சற்று முன்னால் தேயிலைச் சரிவை ஒட்டிய டீக்கடையில் நிறுத்தினார்கள். மற்ற வண்டிகள் இன்னும் மேலே போயிருந்தன, இவர்கள் இங்கேயே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வைத்துக்கொண்டார்கள். இடது பக்கத்திலிருந்து இறங்கிய எட்வின் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "மொதலாளி, இவங்க இவ்வளவு நல்லா ஓட்டுவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே" என்றார். அதில் குத்தல் இருக்கிறதா என்று நஞ்சுண்டன் அவர் முகத்தைத் துழாவினான். இல்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

"அவங்கப்பா ஜீப்புல பழகினவ. தேங்கா லோடோட ஓட்டுவா" என்றான்.

டீக் கிளாஸை வாங்கப்போன திலகவதியின் கை அப்படியே நின்றது. "அது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்கு" என்றான். பொய் இல்லை. எப்போதிலிருந்து இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

எட்வின் டீயோடு தன் வண்டியைச் சுற்றிப் பார்க்கப் போனார். திலகவதி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், கொண்டை பாதி அவிழ்ந்து காதோரம் தொங்கியது. கன்னமெல்லாம் காற்றில் சிவந்திருந்தது. இந்த முகத்தை அவன் கடைசியாக எப்போது பார்த்தான். அவள் தேயிலைச் சரிவைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நாந்தான் கேட்டனுங்க டாக்டர்கிட்ட, ஓட்டிப் பாக்கட்டுமான்னு. அவரு பாவம், பயந்துக்கிட்டேதான் குடுத்தாரு." டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "நீங்க ரொம்ப ஒட்டி வந்தீங்க. கண்ணாடியில பாத்தா உங்க வண்டி மட்டுந்தான் இருந்துச்சு. ரோடு தெரியல, மலை தெரியல. எங்க இடிச்சிருவீங்களோன்னு வழியெல்லாம் பயமா இருந்துச்சுங்க."

வழியெல்லாம் என்றாள். பேருந்து வந்த இடத்தில் என்று சொல்லவில்லை. அதற்குப் பல பதில்கள் அவனிடம் இருந்தன. என் பிரேக் எப்படிப்பட்டது தெரியுமா, அதில் இருக்கிற கருவிகள் என்னவெல்லாம் செய்யும் தெரியுமா என்று கூட்டத்தில் பேசுகிற பதில்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் வண்டியைப் பற்றியே இருந்தன. டீ ஆறிப்போயிருந்தது, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். எட்வின் அங்கே மண்டியிட்டு பின்சக்கரத்தின் ஓரத்தில் ஒட்டிய சேற்றைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த முதுகைப் பார்க்கையில் பொறாமை அப்படியே இருந்தது. குறையவில்லை. அது குறையும் என்று அவனுக்கு நம்பிக்கையும் இல்லை.

"எறங்கறதும் நீயே ஓட்டு, டாக்டர் குடுத்தாருன்னா" என்றான். "ரெண்டாவது கியர்லயே வா. பிரேக்கையே மிதிக்காத, சூடாயிரும்."

"தெரியுமுங்க" என்றாள்.

"தெரியும்னு தெரியும்" என்றான். பிறகு கிளாஸைப் பலகைமேல் வைத்துவிட்டு, "நான் கொஞ்சம் எடம் விட்டே வர்றேன்" என்றான்.

அவர்கள் கீழே கிளம்பினார்கள். பச்சை வண்டி ஆட்டுக்குட்டி ஹாரனைக் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பியது, முதல் வளைவில் சாய்ந்து மறைந்தது. நஞ்சுண்டன் தன் காருக்குள் உட்கார்ந்து, நான்கு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கினான். குளிர் உள்ளே வந்தது. சத்தம் கீழே எங்கேயோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, கியர் மாறியது, இந்தத் தடவை கடிக்காமல் மாறியது. கால் துடித்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று எஞ்சினைக் கிளப்பாமல் இருந்தான்.